காலரா என்று எழுதிவிட்ட காலை

தலைச்சோலைப் பக்கம் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நெடுநாள் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் சேலத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் யாருக்கு என்ன வந்தாலும் நான்தான் பார்க்க வேண்டும். இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று, நான் தப்புச் செய்த ஒரு நாளை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில் நடந்தது.

1. மூன்று கட்டில்

காலை பத்து மணி இருக்கும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைனிலிருந்து சடையன், மாரப்பன், வெள்ளையன் என்று மூன்று பேரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மூவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. வேட்டியெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. வெள்ளையன் பேசவே இல்லை.

அதற்கு முந்தின வருஷம் மலையடிவாரத்தில் ஒரு ஊரில் காலரா வந்து வீட்டுக்கு வீடு சாவு விழுந்ததை நேரில் பார்த்திருந்தேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. என் மனைவியும் இரண்டு குழந்தைகளும் லைன் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரையும் பார்த்த மாத்திரத்தில் பேனாவை எடுத்தேன். ரிஜிஸ்டரில் காலரா என்று எழுதினேன். மூவருக்கும் சலைன் ஏற்றினேன். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடவும், லைனை விட்டு யாரும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளவும் எஸ்டேட் வேலைகளை மேற்பார்க்கும் ரைட்டரிடம் சொன்னேன்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு சடையனின் மனைவி சின்னப்பொண்ணு உள்ளே வந்தாள்.

"ஏனுங்க கம்பவுண்டரே, இது காலரா இல்லீங்க."

"நீ டாக்டருக்குப் படிச்சியா?"

"படிக்கலீங்க. அதே கெணத்துத் தண்ணியத்தான் நானும் எம்புள்ளைங்களும் குடிக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலீங்களே. எங்கூட்டுக்காரரும் வெள்ளையனும் நேத்து பொழுதுக்கும் செடிக்கு மருந்தடிச்சாங்க. அவங்களுக்குத்தான வந்துருக்குது?"

ரைட்டர் குறுக்கே வந்தார். "வருசா வருசம் அடிக்கற மருந்துதாம்மா. நீ ஊட்டுக்குப் போ."

என்னிடம் ஒரு நல்ல கேள்வி இருந்தது. "சரி, மாரப்பன் மருந்தடிக்கவே இல்லையே. அவனுக்கு நேத்து நாத்து நர்சரியிலதான வேலை? அவனுக்கு ஏன் வந்துச்சு?"

அவள் மாரப்பனின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயை அடைத்துவிட்டதில் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

2. மாரப்பன் சொன்னது

அவள் போகவில்லை. மாரப்பனின் கட்டிலருகே உட்கார்ந்து அவன் காதில் ஏதோ கேட்டாள். அவன் முனகினான். மறுபடியும் கேட்டாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அவரு மருந்தடிக்கலீங்க. ஆனா சாயந்தரம் கடைசி ட்ரம்மக் கலக்கிக் குடுத்தது அவருதானாமுங்க. குச்சி இல்லீன்னு கைய உட்டுக் கலக்குனாராம்."

நான் ரைட்டரைத் திரும்பிப் பார்த்தேன். "அதே மருந்துதானா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பழைய டின்னு தீந்துபோச்சுங்க. இது புதுசு. நொம்ப வேகமா கேக்கும்னு குடுத்தாங்க."

வெள்ளையனிடம் போனேன். காலராவில் வாய் வறண்டுபோகும், நாடி ஓட்டமாக ஓடும். இவன் வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. பல்ஸ் மெதுவாக அடித்தது. இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். இவ்வளவும் அரை மணி நேரமாக என் முன்னால்தான் இருந்தன. பெயர் வைத்த பிறகு நான் ஆளைப் பார்க்கவே இல்லை.

இவையெல்லாம் பூச்சி மருந்து விஷத்தின் அடையாளங்கள்; அதற்கு அட்ரோபின் போட வேண்டும். வயிற்றுப் பிடிப்புக்கென்று வைத்திருந்த அட்ரோபின் ஆம்பியூல் குப்பிகள் கொஞ்சம் இருந்தன. ரைட்டர் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"காலரான்னா யாரு மேலயும் குத்தமில்லீங்க. மருந்துன்னு மாத்தி எழுதுனா மேனேஜரு என்னயக் கேப்பாரு. மொதல்ல ஏன் காலரான்னு எழுதுனேன்னு உங்களயும் கேப்பாரு."

அந்தப் பயமும் எனக்கு வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் கையிலிருந்த ஊசி. சின்னப்பொண்ணிடமே சொன்னேன்: "நான் இப்ப நினைக்கறதும் தப்பா இருந்தா, இந்த ஊசியே ஆளைக் கொன்னுரும்மா."

அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. சும்மா பாத்துக்கிட்டு இருக்கறது அதவிட பயமா இருக்குது. போடுங்க."

சலைனை நிறுத்திவிட்டு மூவருக்கும் ஊசியைப் போட்டேன். தோலில் ஒட்டிய விஷம் போக அவர்கள் சட்டைகளைக் கழற்றச் சொல்லி, அவளையே சோப்புப் போட்டு உடம்பைக் கழுவச் செய்தேன். ரிஜிஸ்டரில் காலராவை அடித்துவிட்டுக் கீழே பூச்சி மருந்து விஷம் என்று எழுதினேன். ரைட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஜீப்பை அவர்தான் கொண்டுவந்து நிறுத்தினார்.

3. இறக்கம்

மலைப்பாதை முழுக்கப் பனி. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வளைவுகளில் திருப்பினார். நானும் சின்னப்பொண்ணும் பின்னால் மூவரோடும் உட்கார்ந்திருந்தோம். ஊசி வேலை செய்கிறதா என்று தெரிய, கண்மணி விரிகிறதா, எச்சில் நின்று வாய் காய்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்ப்பேன். விரியாவிட்டால் இன்னொரு ஊசி. ஆம்பியூல் குறையக் குறைய மீதியை எண்ணிக்கொண்டேன். சடையனுக்கு முதலில் வாய் காய்ந்தது. பிறகு மாரப்பனுக்கு. வெள்ளையனின் நெஞ்சுச் சத்தம் மட்டும் அடங்கவே இல்லை. பிறகு ஒரு வளைவில் சட்டென்று அடங்கியது. அவன் கையைப் பிடித்திருந்த சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள். நான் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையை அசைத்தேன்.

மற்ற இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். சேலத்து ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "அட்ரோபின் போட்டதாலதான் இந்த ரெண்டு பேரும் இங்க வந்து சேர்ந்தாங்க," என்றார். பிறகு, "செத்தவனுக்கு நுரையீரல்ல ஏற்கெனவே நீர் கோத்திருந்திருக்கு, அது மேல எதுக்குய்யா அவ்வளவு சலைன் ஏத்துனே?" என்று கேட்டார். வெள்ளையனின் மூச்சை நிறுத்தியதில் என் சலைனுக்கும் பங்கு இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் வெள்ளையனின் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர், "அந்தப் புள்ள சொன்னப்பவே கேட்டிருக்கக் கூடாதுங்களா?" என்றார். அவ்வளவுதான். மேனேஜரிடமும் சொன்னேன். திட்டினார். ஆனால் அந்த டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு யாரைத் தூக்கி வந்தாலும் கூட வந்தவர்களிடம் இதைக் கேட்காமல் நான் ஊசியைத் தொட்டதில்லை: "நான் இன்ன வியாதின்னு நினைக்கறேன். இல்லைன்னு உங்களுக்குத் தோணுதா? ஏன் தோணுது?" பல தடவை அவர்கள் சொன்னது சரியாக இருக்காது. நேரமும் போகும். கேட்டுவிட்டுத்தான் செய்வேன். புதிதாக வருகிற உங்களுக்குச் சந்தேகம் வந்தால் பயப்படாதீர்கள். சந்தேகத்தோடு நான் நின்ற நாட்களில் யாரும் என் கையால் சாகவில்லை. துளிச் சந்தேகமும் இல்லாமல் நான் வேலை செய்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.