துள்ளும் ‘க’

என்னைக் கண்டுபிடித்த ஹெட் கிளார்க் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? இன்னும் புரியவில்லை.

தென்காசியில் எங்கள் தெருச் சாக்கடை திறந்தே கிடந்தது. நடை பழகும் மகள் விழுந்துவிடுவாளோ என்று பயம். நான் பழகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், நகராட்சிக்குப் பெயர் போடாத ஒரு மனு தட்டிப் போட்டேன். கணவருக்கு நகராட்சியில்தான் வேலை. தெரிந்தால் அவருக்குத்தான் வம்பு. சாக்கடையைக் கல் போட்டு மூடிவிட்டார்கள்.

சாரல் சமயம் குற்றாலம் போனோம். கணவர் அருவிக்குள் நின்றபோது, உடம்பெல்லாம் எண்ணெயோடு அவருடைய ஹெட் கிளார்க் வந்தார்.

“ஏம்மா, நீ பழகுத மெஷின்ல ‘க’ மட்டும் மேல துள்ளுது. உன் வீட்டுக்காரருக்கு நீ அடிச்சுக் குடுக்குத லீவு லெட்டர்லயும் துள்ளுது, சாக்கடை மனுவுலயும் துள்ளுது. ரிப்பேர் பாக்கச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

இப்போது தெருவிளக்கு எரியவில்லை. அதற்கான மனுவை வேறு மெஷினில் தட்டவா, கையெழுத்தே போட்டுவிடவா? நீங்களே சொல்லுங்கள்.