கோழிக்குப் பயந்த வேட்டை நாய்

மோகனூர்ப் பக்கம் கரும்புக் காட்டோரம் கிடந்த ஒரு வேட்டை நாயைச் சித்தப்பா தீவன மூட்டைகளோடு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முயல் பிடிக்க வளர்த்தவர்கள், கால் பிசகியதும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் வேட்டை நாயைக் கொண்டுவந்த கதையைக் கேட்டு ஊரே சிரித்தது.

"ஏந்தம்பி, இது கோழிக்குக் காவலா, எமனா?" என்றாள் அம்மா.

"வெச்சுக்கறதுக்கு இல்லீங்க அண்ணி. பழக்கி, நல்ல ஊடாப் பாத்துக் குடுத்துரலாம்."

"தை பொறந்தா இங்க இருக்கப்படாது. சொல்லிப்புட்டேன்."

அந்த நாய் வீடு என்ற ஒன்றுக்குள் இருந்ததே இல்லை. மின்விசிறி சுழன்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மிக்ஸி ஓடினால் நின்ற இடத்திலேயே ஈரமாக்கிவிடும். யார் சோறு வைத்தாலும் தொடாது. சித்தி வைத்தால் மட்டும் தின்றது. சித்தி அந்த வைகாசியில்தான் ஆத்தூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் நாங்கள் பிள்ளைகள் அவள் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிப்போம். அதனால் இரண்டு பேரும் பெரும்பாலும் சமையலறை மூலையிலேயே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவின் கூட்டாளிகள் தங்கள் வீட்டு நாய்களோடு வருவார்கள். டீக்கடைக்காரரின் குண்டு நாய், லாரி பட்டறைக்காரரின் வெள்ளைப் பொமரேனியன், எங்கள் வீட்டுச் சோம்பேறி நாய் எல்லாம் வாய்க்கால் கரையில் வரிசையாக நடக்கும். நடுவில் வேட்டை நாய். நல்ல நாய்களைப் பார்த்து அது கற்றுக்கொள்ளுமாம். பிஸ்கட் பொட்டலத்தோடு நான் கடைசியில் போவேன். மார்கழிக்குள் அது மின்விசிறிக்கு அடியிலேயே தூங்கத் தொடங்கியது.

சூரமங்கலத்து ரயில்வேக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் கோழி உண்டு. நேரில் வந்து பார்ப்பேன், கோழியைத் தொட்டால் வேண்டாம் என்றார். அவர் வந்த அன்று, கூட்டாளிகள் வீட்டோரம் வாய்க்கால் கரையில் எல்லா நாய்களையும் வரிசையாகப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா ஒரு நாட்டுக்கோழியை அவிழ்த்துவிட்டார்.

அவ்வளவுதான். நல்ல நாய்கள் மூன்றும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தன. பட்டறைக்காரர் வாய்க்காலில் விழுந்தார். குண்டு நாயின் வாயில் வால் இறகு. கோழி கூரைமேல் ஏறிக் கத்தியது. வேட்டை நாயோ சித்தியின் பின்னால் ஓடி, முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வாத்தியாருங்க லட்சணம் இதுங்களா!" ரயில்வேக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு இந்த நாயே போதுமுங்க."

கயிற்றை அவர் கையில் கொடுக்கும்போது சித்தி பேசினாள். வெளி ஆள் முன்னால் அவள் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

"மொதல்ல கொஞ்ச நாளு யாரும் சுத்தி நின்னு பாக்காதீங்க. மூலையில ஒக்காந்தா ஒக்காரட்டும், இழுக்காதீங்க. தண்ணி எங்க இருக்குன்னு மட்டும் காட்டிடுங்க. சத்தமா சிரிச்சா, தன்னப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு நெனச்சிக்கும். ஒருத்தராவது பக்கத்துல சும்மா ஒக்காந்திருங்க."

சித்தப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அம்மா சித்தியின் தோளில் கை வைத்தாள். நாய் போகிறதே என்றுதான் எல்லோரும் கலங்குகிறார்கள் என்று நினைத்த நான், "அது அங்க நல்லாத்தான் இருக்கும் சித்தி" என்று ஆறுதல் சொன்னேன்.