பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் சரஸ் அக்கா

இந்த வருட ஆரம்பத்தில் ஃபிஜித் தீவின் நாடி நகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊரின் வளர்ச்சித் திட்டத்தை ஜனங்களிடம் காட்டிக் கருத்து கேட்கிற கூட்டம்.

சுவர் முழுக்க மேப். சிவப்பில் ஹோட்டல்கள், நீலத்தில் கடைகள். நாடி இப்போது அசுர வேகத்தில் வளர்கிறது. வளரட்டும்... யார் வேண்டாமென்றார்கள்?

"தம்பி, இதுல நம்ம வூடு எங்க கீது?"

திரும்பினால் சரஸ் அக்கா. கோயிலில் பழக்கம். பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊரான சபேட்டோவில், கரும்புக் குடும்பம். நிலக் குத்தகை முடிந்ததும் நாடி ஓரத்துக்கு வந்து, நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒரு ஃபிஜியப் பெரியவரின் வாய்ச் சம்மதத்தில் தகர வீடு போட்டுக்கொண்டவர்கள். அக்காவுக்கு ஹோட்டல் லாண்டிரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

ரோட்டைப் பிடித்து விரலால் தேடிப் போனேன். அக்காவின் வீடு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை வண்ணம். பச்சை என்றால் பூங்கா.

"அப்ப நம்மள எடுக்கப் போறாங்களா?"

"கேளுங்களேன் அக்கா."

"கேட்டா, இருக்கற எடமும் போயிடும்."

ஆனாலும் கடைசியில் எழுந்து நின்றுவிட்டார். இங்கே நம் ஜனங்கள் பேசுகிற ஃபிஜி ஹிந்தியில்தான் பேசினார். அந்தப் பச்சைக்குள் நாங்கள் இருக்கிறோம், எங்களுக்குத் தண்ணீர் இல்லை, தினமும் விடியற்காலையில் ரோட்டோரக் குழாயில் நின்று பக்கெட் நிரப்பிவிட்டுத்தான் வேலைக்கு ஓடுகிறோம் — இவ்வளவுதான்.

"அங்கே அனுமதி வாங்கிய வீடு ஒன்றுகூட இல்லை," என்றார் ஓர் அதிகாரி. அதுவும் உண்மைதான்.

திட்டம் போட வந்திருந்த நிபுணர் பண்டா, ஜாம்பியா நாட்டுக்காரர். அக்கா பேசியதை நான் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டுவிட்டு, "நாளைக் காலையில் வந்து பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வந்துவிட்டார். மொழிபெயர்க்க நானும் போனேன். குழாயடி வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கள் தலைநகர் லுசாகாவில் நான் வளர்ந்த பகுதியும் இப்படித்தான். ஊருக்குள் பெரிய பெரிய கடைகள் வந்தன. அகலமான ரோடு வந்தது. என் அம்மா தலையில் தண்ணீர் சுமந்துகொண்டே இருந்தார்."

"அப்பறம் கொழாய் வந்துச்சா, கேளு தம்பி," என்றார் அக்கா.

"வந்தது. அதைப் பார்க்க அம்மா இல்லை."

அக்கா உள்ளே போய் அவருக்கு டீ போட்டு எடுத்து வந்தார்.

திட்டத்தில் இந்த இடத்தைக் குடியிருப்பாக மாற்றச் சொல்லித் தன்னால் எழுத முடியும் என்றார் பண்டா. ஆனால், குழாய் போட நிலத்துக்காரரின் கையெழுத்து வேண்டும்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "இத்தினி நாளு அவரு போன்னு சொன்னதில்ல. இப்ப நாமளே போயி ஞாபகப்படுத்தறதா?"

நியாயமான பயம். கண்ணில் படாமல் இருப்பதுதானே அவருக்கு இதுவரை கிடைத்த ஒரே பாதுகாப்பு? அதையும் விட்டுவிடச் சொல்ல நான் யார்?

பல நாள் யோசித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, "தொணைக்கு வா தம்பி" என்று கூப்பிட்டார். கையில் யங்கோனா வேர்க் கட்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர். இங்கே பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போனால் அதை முன்னால் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

பெரியவர் கட்டை வாங்கிக்கொண்டார். அக்கா சரளமான ஃபிஜிய மொழியில் விஷயத்தைச் சொன்னார். அவர் வேர்க் கட்டையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். பிறகு எழுந்து எங்களைக் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். அங்கே துருப்பிடித்த டிரம் ஒன்று. அடியில் கொஞ்சம் தண்ணீர். எதையோ சொல்லிச் சிரித்தார்.

அக்காவும் சிரித்துவிட்டார். கண்ணெல்லாம் ஈரம். "அவரு வூடும் அந்தப் பச்சைக்குள்ளதான் கீதாம் தம்பி. கையெழுத்துப் போடறாராம். மொதல்ல அவரு வூட்டுக்குக் கொழாய் வேணுமாம்."

நிலம் அவருடையது. தண்ணீர் மட்டும் அவருக்கும் இல்லை!

பண்டா சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டத்தில் பச்சை போய்விட்டது. முறையான குத்தகைப் பத்திரம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸும் உள்ளே வருவதில்லை. ஆனால் போன வாரம் குழாய் வந்துவிட்டது. முதலில் பெரியவர் வீடு, பிறகு வரிசையாக எல்லா வீடுகளுக்கும்.

அடுத்த நாள் அதிகாலையில் எட்டிப் பார்த்தேன். நிரப்ப வேண்டியதையெல்லாம் நிரப்பிவிட்டு, யூனிஃபார்மும் போட்டுக்கொண்டு, வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார் அக்கா.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன். வேலைக்கு இன்னும் நேரம் கெடக்குது தம்பி. என்னா செய்யறதுன்னு தெரியல."

ஒரு நகரத்தின் வளர்ச்சியை எப்படி அளப்பது என்று என்னைக் கேட்டால்... அந்தச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான் காட்டுவேன்.