பாதிச் செபம்

எங்கள் வேலிக்கு அப்பால் இருந்த கத்தோலிக்க வேதக்காரக் கிழவர் நெடுவலாக, மெலிந்து இருப்பார். பொழுதுபட்டால் முற்றத்தில் கதிரை போட்டுச் செபமாலை சொல்லுவார். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். மறுபாதி வீட்டிலுள்ள மற்றவர்கள் சொல்ல வேண்டியது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் செத்துப்போனார்கள்.

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

“மிச்சத்தையும் நீங்களே சொல்லலாமே ஐயா?”

“அது அவையின்ரை பங்கு, பிள்ளை.” நரைத்த என்னையும் அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

“அவையின்ரை குரல் கேக்குதோ?”

“இல்லை. ஒருநாளும் கேக்கேல்லை.”

தொண்ணூறு தாண்டியும் அப்படியே சொன்னார். போன மாரியில் செத்தார். செத்தவீட்டில் கோயில் சனம் சுற்றி நின்று செபமாலை சொன்னது. மறுபாதியை எல்லோரும் உரத்துச் சொன்னார்கள். கேட்க வேண்டியவர் பெட்டிக்குள் கிடந்தார்.