ஏவால்டின் வலது கன்னம்

என் தம்பி ஏவால்ட் பதினொரு வருடம் எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்த துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கும் வேலை செய்தான். அவனுடைய சட்டைகளைத் துவைத்தவள் நான். வலது பக்கக் கழுத்துப்பட்டை மட்டும் கரிந்து பொத்தல் விழும். அந்தப் பதினொரு வருடத்தில் முப்பத்து நான்கு பட்டைகள் மாற்றித் தைத்திருக்கிறேன்.

எல்லாம் ராணுவத்துக்காக அங்கே செய்த ஊசித் துப்பாக்கியால் வந்தது; விசையை இழுத்தால் உள்ளிருக்கும் நீள ஊசி தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும். பின்பக்கத் தாழ்ப்பாளைத் திறந்து, தோட்டாவை வைத்து, மூடிச் சுட வேண்டும். படுத்தபடியே நிரப்பலாம். பழைய துப்பாக்கி ஒரு முறை வெடிப்பதற்குள் இது நான்கு முறை வெடிக்கும். ஆனால் தாழ்ப்பாள் இடுக்கில் நெருப்பு சீறி, சுடுகிறவன் கன்னத்தில் அடிக்கும். சிப்பாய்கள் இடுப்போடு வைத்துச் சுட்டுவிட்டுப் போவார்கள். ஏவால்ட் தோளில் வைத்துத்தான் சுடுவான். ஆனால் துப்பாக்கிக் கட்டையில் கன்னம் படாமல் பிடித்து, விசையை இழுக்கும் நொடியில் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வான். குழல் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை என்பதால், குண்டு எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

1869 வசந்தத்தில் பட்டறை முதலாளி சோலிக், தாழ்ப்பாளின் முனையில் ரப்பர் வளையம் பொருத்தி அந்தச் சீறலை அடைத்தார். ராணுவத்திலிருந்து ஒரு கேப்டன் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. இருநூறு அடி தூரம், தோளில் வைத்து இருபது குண்டு. பதினைந்தாவது பட வேண்டும். பட்டால் ராணுவத் துப்பாக்கிகளுக்கு வளையம் போடும் வேலை எங்கள் ஊருக்கு, இல்லையென்றால் பட்டறை ஆட்கள் நாற்பது பேர் வேலை போய் வீட்டுக்கு. சுட வேண்டியவன் ஏவால்ட்.

முதல் ஒத்திகையில் ஆறுதான் பட்டது.

“குழல் கோணல், முதலாளி” என்றான்.

“குழல் கோணலா, உன் கழுத்து கோணலாடா?” என்று கத்தினார் சோலிக். “மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சுட்டா குண்டு எங்க போகும்?”

“நான் எங்க திருப்புறேன்?”

சோலிக் நேராக என்னிடம் வந்தார். “ஓட்டிலியம்மா, நீங்களாவது சொல்லுங்க. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு.”

மறுநாள் உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு சுடும் திடலுக்குப் போய் வேலியோரம் நின்று பார்த்தேன்.

“இருபது தடவை சுட்டே, இருபது தடவையும் திருப்புனே” என்றேன்.

“நீ எண்ணுனது தப்பு.”

“நான் எண்ணினா தப்பாகுமாடா?”

“சூரியன் கண்ணுல அடிச்சிருக்கும் உனக்கு.”

அன்றைக்கு மேகமூட்டம். அடுத்த நாள் துப்பாக்கிக் கட்டையில் அவன் கன்னம் படுகிற இடத்தில் மாவு தடவி வைத்தேன். சுட்டு முடித்த பிறகும் மாவு கலையாமல் இருந்தது. “மறுபடி யாரோ தடவிட்டாங்க” என்றான். அதன் பிறகு ஒன்பது நாள் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சோறு போடாமலும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கேப்டன் வர மூன்று நாள்தான் இருந்தது.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. திடலுக்குப் போய், ஒரு முழங்காலை ஊன்றிக் குறி பார்த்துக்கொண்டிருந்த அவன் பக்கத்தில் நானும் மண்டி போட்டு, வெள்ளைத் தொப்பியோடு என் கன்னத்தைத் தாழ்ப்பாளுக்கு ஒட்டி வைத்தேன்.

“அக்கா, தள்ளிப் போ. கண்ணு போயிடும்!”

“எப்படிப் போகும்? வளையம்தான் அடைச்சிருக்கே. நல்ல வளையம்னு நீயேதானே சொன்னே?”

“வளையம் நல்லதுதான்.”

“அப்போ சுடு.”

அவனால் விசையை இழுக்க முடியவில்லை. துப்பாக்கியை இறக்கி வைத்து, புல்லைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

“சரி. திருப்புறேன். கை இழுக்கும்போதே கழுத்து தானாத் திரும்பிடுது. இப்ப என்ன செய்யச் சொல்றே?”

“அதைத்தான் இத்தனை நாளா...”

“நீ எந்திரி முதல்ல. போனா என் மூஞ்சியே போகட்டும்.”

கன்னத்தைக் கட்டையில் அழுத்தினான். சுட்டான். பிறகு விரலால் கன்னத்தைத் துடைத்து, விரலை உற்றுப் பார்த்தான். கரி இல்லை. இன்னொரு முறை துடைத்துப் பார்த்தான். அதன் பிறகு நிறுத்தாமல் பதினொரு குண்டு சுட்டான். ஒன்பது பட்டது.

கேப்டன் வந்த அன்று இருபதில் பதினேழு. நான் வேலியோரம் நின்று எண்ணினேன். சோலிக் என் கையைப் பிடித்து முறித்துவிடுவது போலக் குலுக்கினார். கேப்டனுக்குத் திருப்தி வரவில்லை. கூட வந்த நான்கு சிப்பாய்களையும் ஆளுக்கு ஐந்து குண்டு சுடச் சொன்னார். நான்கு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மொத்தத்தில் நான்குதான் பட்டது.

“வேலை உங்களுக்குத்தான்” என்றார் கேப்டன், சலிப்போடு. “ஆனா இவனுங்க கழுத்தை யாரு நிமித்துறது?”

“இதுல என்ன இருக்கு, ஐயா?” என்றான் என் தம்பி. “கன்னத்தை வச்சா முடிஞ்சுது. பயப்படக் கூடாது, அவ்வளவுதான்.”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எர்ஃபுர்ட் படைமுகாமுக்கு அவனையே சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். முதல் மாதத்தில் அறுபத்து மூன்று சிப்பாய்கள். ‘ஒருத்தனும் திருப்புறதை ஒத்துக்க மாட்டேங்கிறான் அக்கா, பைத்தியம் பிடிக்குது’ என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவ்வளவு ருசியான கடிதம் எனக்கு வேறு யாரும் எழுதியதில்லை.