ஸ்டெல்லா சிஸ்டருக்கு இரண்டு நன்றி

"சார், நான் எப்ப சார் பாலைவனத்துக்குப் போனேன்?"

போன வியாழக்கிழமை மதியம், கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்த போன். நான் ஒரு டாக்டர் என்பதை இந்தப் பத்தியைப் படிக்கும் நீங்கள் மறந்திருக்கலாம். தஞ்சாவூர் நோயாளிகளே மறந்துவிட்டார்கள்.

பேசியது ஸ்டெல்லா சிஸ்டர். பத்து வருஷத்துக்கு முன்பு, வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டர், அவர் நர்ஸ். இப்போது வேளாங்கண்ணியில் இருக்கிறார். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். 'மருத்துவ ஆராய்ச்சியில் பங்கெடுத்ததுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தன் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டின் கடைசியிலும் 'உதவிய செவிலியர் ஸ்டெல்லாவுக்கு நன்றி.' ஒன்று என்னுடையது – வயல்வேலை செய்பவர்களுக்கு ஏற்படும் பாம்புக்கடி பற்றி. இன்னொன்று, வடக்கே ஒட்டகம் மேயும் ஊரிலிருந்து ஒரு டாக்டர் எழுதியது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தேன். தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார் மனிதர். அதோடு களைத்துவிட்டார் போல... மற்றதெல்லாம் அப்படியே. அவர் ஊரில் இல்லாத வாய்க்காலில் தண்ணீர் வந்து, யாரும் நடாத குறுவையை நட்டவர்களைப் பாம்பு கடித்திருந்தது. நன்றி சொல்லக்கூட அவருக்குச் சொந்தமாக ஒரு நர்ஸ் இல்லையா?

வீட்டுக்கு வந்து குதித்தேன். என் மனைவி ரிட்டயர்டான இங்கிலீஷ் டீச்சர். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்க கட்டுரையைத் திருடற அளவுக்கு அந்த மனுஷனுக்கு என்னங்க கஷ்டம்?"

அன்றே அவர் கட்டுரை வந்த மருத்துவப் பத்திரிகையின் ஆசிரியருக்கு அனல் பறக்க ஒரு ஈமெயில். மறுநாளே பதில் வந்தது – 'மூலப் பதிவேட்டை அனுப்பவும்.'

பதிவேடு ஸ்டெல்லா சிஸ்டரிடம். ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினேன்.

பத்திரமாக வைத்திருந்தார். காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. யாரை, எந்தக் காலில், என்ன வேலை செய்யும்போது கடித்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்து அன்றைக்கு எத்தனையாவது நாள்... எல்லாம் குண்டு குண்டான எழுத்தில். தண்ணீர் வந்த முதல் வாரத்தில்தான் கடி அதிகம் என்பதுதான் என் கட்டுரையின் உயிரே.

என் கையெழுத்தைத் தேடினேன். பக்கம் பக்கமாகத் தேடினேன். கடைசியில் ஓரிடத்தில் கிடைத்தது. மார்ஜினில், நானே எழுதியது: 'டீ இரண்டு. ஒன்று சர்க்கரை கம்மி.'

அவ்வளவுதான். வேறு ஒரு எழுத்து இல்லை.

"தண்ணி வந்த தேதியைக் கேட்டு எழுதணும்னு..." என்று இழுத்தேன்.

"நான்தான் சார் சொன்னேன். நீங்க, 'அது எதுக்கு சிஸ்டர், பாம்பு என்ன காலண்டர் பாத்தா கடிக்குது'ன்னு கேட்டீங்க."

நான் கேட்டிருப்பேன். அப்படிப்பட்ட ஜோக் அடிக்கிற ஆள்தான் நான். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் பதவி உயர்வு வாங்கினேன். பயோடேட்டாவில் முதல் வரியே அதுதான். எப்படி எனக்கு மறந்துபோனது? மறந்தேனா, மறக்க சௌகரியமாக இருந்ததா?

"அப்பவே ஏன் சிஸ்டர் ஒண்ணும் சொல்லல?"

"அதான் நன்றி போட்டிருந்தீங்களே சார். எங்க அப்பா அந்தப் பக்கத்தை ஃபிரேம் போட்டு மாட்டினாரு."

சுவரில் இருந்தது. பத்து வருஷமாக இருக்கிறது. வடக்கத்தி டாக்டர் என்ன செய்தார்? கட்டுரையை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவுக்கு நன்றி சொன்னார். நான்? அதையேதான். அவராவது முகம் தெரியாதவரிடம் திருடினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே திருடியிருக்கிறேன்.

மேஜையில் விண்ணப்பம் கிடந்தது. மறுநாள் கடைசி நாள். ஆராய்ச்சிக் கேள்விக்குப் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பென்சிலில்.

"ஏன் பென்சில்?"

"உங்களைக் கேட்டுட்டுப் பேனால எழுதலாம்னுதான் சார்."

ரப்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

அழித்தது நான். 'ஆம்' என்று பேனாவில் எழுதியது அவர். அதோடு இணைக்க, அந்த ஆராய்ச்சி முழுவதும் அவருடையதே என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். "அப்பா இருந்திருந்தா இதையும் ஃபிரேம் போட்டிருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அதே பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்த ஆசிரியருக்கும் என் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் சேர்த்து இன்னொரு ஈமெயில். வடக்கத்திக் கட்டுரையை நீக்குங்கள். என் கட்டுரையையும் திருத்துங்கள், முதல் பெயர் ஸ்டெல்லா.

நேற்று பதில் வந்துவிட்டது. இரண்டையும் விசாரிக்கிறார்களாம். கூடவே பணிவாக ஒரு கேள்வி: 'அப்படியானால் இந்த ஆய்வில் தங்கள் பங்களிப்பு என்ன?'

இங்கிலீஷில் எழுதியது நான் என்று சொல்லலாம்தான். ஆனால் அதை வரிக்கு வரி திருத்தியது என் மனைவி. அவள் பெயர் நன்றியில்கூட இல்லை. இதை அவளே நேற்று ஞாபகப்படுத்தினாள்.

யோசித்து யோசித்து, 'டீ சொன்னது' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன்... பென்சிலில்.