பதினேழு பங்கும் திருநின்றவூர் பஸ்ஸும்

என்னிடம் பதினேழு பங்குகள் இருக்கின்றன. ஏறினாலும் விற்க மாட்டேன், இறங்கினாலும் விற்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பதினேழைப் பற்றி எனக்குப் புத்தி சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை.

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். மெஷினிலிருந்து வரும் சாமானைக் கேஜில் வைத்து அளவு பார்க்க வேண்டும். நல்லது இந்தப் பெட்டி, கழிசல் அந்தப் பெட்டி. ஒரு தீபாவளி போனஸில், கல்லூரியில் படிக்கும் என் மகள் பங்கு வாங்குவதற்கான டிமேட் கணக்கைப் போனிலேயே எனக்குத் திறந்து கொடுத்தாள். எதை வாங்கலாம் என்று பெரிய பட்டியல் ஒன்றையும் நீட்டினாள். என் கம்பெனியையே வாங்கு என்றேன். கழிசல் பெட்டி மாசாமாசம் காலியாகிக்கொண்டு வருவதை என் கண்ணால் பார்க்கிறேன், இதைவிட வேறென்ன ஜோசியம் வேண்டும்? மாசம் ஒன்று, கை தாராளமாக இருந்தால் இரண்டு என்று பதினேழு சேர்ந்தன.

என் வீட்டுக்காரர் ஆவடிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "இன்னாமே, அதே துட்டுக்கு ஒரு கிராம் தங்கம் வாங்கினா கழுத்துல போட்டுக்கலாம். இத்தக் கண்ணாலகூடப் பாக்க முடியல" என்பார்.

"பாக்க முடியாததுனாலதான்யா நீ எடுத்தும்போயி அடகு வெக்க முடியல" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

நாங்கள் கான்ட்ராக்ட் பெண்கள் இருபத்திரண்டு பேர். திருநின்றவூரில் கிளம்பி, பட்டாபிராம், ஆவடி வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போவோம். ஒருநாள் நோட்டீஸ் போர்டில் நாலு வரி ஒட்டினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடுத்த மாசம் முதல் பஸ் கிடையாதாம். காலை ஆறு மணி ஷிப்டுக்கு மூன்றரைக்கே எழுந்து சமைத்து, ரயிலைப் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தோம். என் வீட்டுக்காரரையும் சேர்த்து, ஷேர் ஆட்டோக்காரன் அந்த நேரத்தில் எவன் வருவான்? மழை பெய்தால் வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். ஐந்து நிமிஷம் தாமதமானால் கேட்டை மூடி அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொருத்தியாக வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள். பஸ்ஸில் ஆறு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பட்டாபிராம்காரியும் நின்றுவிட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை, பாவம், அவள் மூன்றரைக்கு எழுந்து என்ன செய்வாள்?

இரண்டு மாசம் கழித்து, ஒரே நாளில் என் பங்கு சரசரவென்று ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நெய் விட்டுக் கேசரி கிளறினேன். கேசரியை வாயில் போட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தால், கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் என் கம்பெனியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். போக்குவரத்து மாதிரியான செலவுகளைக் கச்சிதமாகக் குறைத்துவிட்டார்களாம். அதனால் லாபம் கூடியிருக்கிறதாம். வரும் வருஷமும் பிரமாதமாம், வாங்கலாமாம்.

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அடப்பாவிகளா, அந்தச் செலவு எங்கள் பஸ்! நான் தண்ணீரில் நடந்த நடைக்குத்தான் என் பங்கு ஏறியிருக்கிறது. அதற்கு நானே நெய் விட்டுக் கேசரி கிளறியிருக்கிறேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மனசு கேட்காமல் பட்டாபிராம்காரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "யக்கா, நீ இன்னா விலாங்கு மீனா? பாம்பாண்ட தலையக் காட்டிகினு, மீனாண்ட வாலக் காட்டிகினு?" விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் அது என்னைச் சுருக்கென்று குத்தியது. அன்றே விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் ஆண்டு அறிக்கை என் மெயிலுக்கு வந்தது. பங்கு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. ஆண்டுக் கூட்டம் இணையத்தில் நடக்கும், பேச விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம், குறிப்பிட்ட ஒரு தேதியில் கையில் பங்கு இருக்க வேண்டும்.

"எத்தனை பங்கு இருக்கணுமாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருந்தா போதும்மா."

என்னிடம் பதினேழு! பெயரைக் கொடு என்றேன்.

அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மார்க்கெட் விழ ஆரம்பித்தது. போன மாசம் வாங்கச் சொன்ன அதே நிபுணர், அதே கோட்டில் வந்து, உலக நிலைமை சரியில்லை, விற்றுவிட்டுக் கையில் பணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தினமும் சிவப்பு. "இப்ப வித்துட்டு, இன்னும் இறங்கினதும் திரும்ப வாங்கிக்கலாம்மா, எல்லாரும் அதான் பண்றாங்க" என்று மகள் கெஞ்சினாள். அவள் கணக்கு சரிதான். ஆனால் விற்றால் அந்தத் தேதியில் என் கையில் பங்கு இருக்காது, பங்கு இல்லாமல் பேச முடியாது. நான் விற்கவில்லை. சேர்த்ததில் கால்வாசி என் கண்முன்னே கரைந்தது. போகட்டும், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தேன் என்று பெருமையடிக்க ஆசைதான். உண்மையில் மணிக்கு ஒருதரம் போனை எடுத்துப் பார்த்தேன்.

"வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? வேல பூடும்மே" என்றார் வீட்டுக்காரர். பூட்டா பூடட்டும் என்றேன்.

கூட்டத்தன்று லீவு போட்டேன். இட்லிப் பானையில் போனைச் சாய்த்து வைத்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சேர்மனை வாழ்த்தினார்கள். ஒரு பெரியவர், முன்பு மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது வடையும் காபியும் கொடுத்தீர்கள், இப்போது அதுவும் போச்சு என்று வருத்தப்பட்டார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"ஐயா வணக்கம். என்கிட்ட பதினேழு பங்கு இருக்கு. உங்க கம்பெனியிலயே கான்ட்ராக்ட்ல கேஜ் பாக்குறேன். போக்குவரத்துச் செலவைக் குறைச்சதா அறிக்கையில போட்டிருக்கீங்க. அது திருநின்றவூர் பஸ்ஸுங்க. அதுல இருபத்திரண்டு பேர் வந்தோம், இப்ப பதிமூணு பேர்தான் வர்றோம். புதுசா வந்தவங்களுக்கு இன்னும் கை பழகல. கழிசல் பெட்டி ரொம்புது, சாமான் திரும்பி வருது. பஸ்ஸை நிறுத்தி மிச்சம் பண்ணதை ஒரு பக்கத்துல போட்டிருக்கீங்க, இந்த நஷ்டத்தை எந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்கய்யா? பங்குதாரரா கேக்குறேன்."

சேர்மன் தமிழிலேயே பதில் சொன்னார்: "நல்ல கேள்விம்மா. பாக்கச் சொல்றேன்."

மறுநாள் காலை கேட்டில் என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வெளியே வந்தார். "இன்னாம்மா நீ, பங்க வித்துட்டுக் கம்முனு இருந்தா வேலயாவது இருந்திருக்கும். இன்னிலேர்ந்து வராத."

நான் கேட்டை விட்டு நகரவில்லை. "கேட்ல நிறுத்தலாம் சார். வருஷத்துக்கு ஒருநாள் உங்க பெரிய முதலாளி என் பேரைக் கூப்பிட்டு, பேசுங்கம்மான்னு சொல்லியே ஆகணும். அத எந்த கேட்ல நிறுத்துவீங்க?"

ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்காரர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருமுறை சொன்னார். ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் ஏறிய ஒவ்வொரு சவாரியிடமும், என் பொண்டாட்டி சேர்மனையே கேள்வி கேட்டாள் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாராம்.

ஒன்றரை மாசத்தில் பஸ் திரும்ப வந்தது. பட்டாபிராம்காரியும் வேலையில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் பஸ்ஸிலிருந்தே போன் செய்தாள். "யக்கா, உன் ஜன்னல் சீட்டு காலியாத்தான் கீது. ஒருத்தரையும் குந்த வுடல" என்றாள்.

அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் கேஜ் பார்க்க ஆள் தேவை என்றார்கள். போனேன். சாமானைக் கொடுத்து அளவு பார்க்கச் சொன்னார்கள், பார்த்துக் காட்டினேன். நாளைக்கே வரலாம் என்ற அதிகாரி, "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

"உங்க கம்பெனி பங்கு மார்க்கெட்ல இருக்கா சார்?"

அவருக்கு முகமெல்லாம் பெருமை. "இருக்கே! ஏம்மா கேக்குறீங்க?"

"சும்மாதான் சார்" என்றேன். முதல் சம்பளம் வந்த அன்று அந்தக் கம்பெனிப் பங்கு ஒன்று வாங்கினேன்.